யாழ் கோட்டை: மதிலில் ஏறாமல் திரும்ப வேண்டாம்

"உள்ளே ஒண்டுமில்லை, வெறும் மதில்தான்." யாழ் கோட்டைக்குப் போய் வந்த பலர் சொல்வது இது. வாசலால் நேரே நுழைந்து, நடுவெளியை ஒருதரம் சுற்றி, இருபது நிமிடத்தில் திரும்பினால் அப்படித்தான் தோன்றும். கோட்டையின் சரக்கு முழுவதும் மதிலில்தான் இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கி, மேலே ஏறி முழுச்சுற்று நடக்க வேண்டும்.

பஸ் நிலையத்திலிருந்து முற்றவெளியைக் கடந்து நடந்தே வரலாம். அகழியைத் தாண்டியதும் மதிலின் தடிப்பைத் துளைத்துப் போகும் வளைவுப் பாதை வரும். அதை வேகமாகக் கடந்துவிட வேண்டாம். மதில் எவ்வளவு பருமன் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும்.

1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் இங்கே கட்டியது நாற்பக்கக் கோட்டை. 1658-இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். உட்கோட்டை 1680-இலும் வெளியரண்கள் 1792-இலும் முடிந்தன. அடுத்த மூன்று வருடத்தில், 1795-இல், சண்டையே இல்லாமல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

ஐந்து மூலைகளிலும் கொத்தளங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஏதாவது ஒன்றின் பக்கவாட்டில் நின்று அடுத்த கொத்தளத்தைப் பாருங்கள். இடையிலுள்ள மதிலின் அடிவாரம் முழுவதும் கண்ணில் படும். மதிலோடு ஒட்டி எதிரி ஒளிய ஓரிடமும் இல்லை. கொத்தளங்களின் கணக்கே இதுதான். தகவல் பலகையில் பத்து வரி படிப்பதைவிட இந்த ஒரு பார்வை கூடுதலாகச் சொல்லித்தரும்.

பிறகு கல்லை அருகில் போய்ப் பாருங்கள். பெரும்பகுதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். பவளப்பூச்சி வாழ்ந்த சிறு குழிகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். உள்நாட்டுப் போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியோடு திருத்திய இடங்களில் விளிம்பு கூராக இருக்கும். பழைய கல் உப்பரித்து, தொட்டால் மாவாக உதிரும். காரணம் கடலேரிக் காற்று. கல் உறிஞ்சிய ஈரம் காயும்போது அதிலிருந்த உப்பு பளிங்காகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் கல் கரையும். சில வருடத்தில் பூச்சும் கல்லும் சேர்ந்தே பெயர்ந்து விழும். பழைய கல்வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றும் அரசங்கன்றும் இன்னொரு எதிரி. மேலே வெட்டிவிட்டால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

மனதை மிகவும் வருத்துவது 1706-இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம். 1990-இல் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்ட சண்டையில் அழிந்து கற்குவியலாகிவிட்டது. பழைய படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் எது சுவர், எது சிலுவையின் கை என்று பிரித்தறிவது கடினம்.

குறைகளும் உண்டு. மதில்மேல் நிழல் இல்லை; மத்தியானம் போனால் வெய்யில் கொளுத்தும். ஓரங்களில் பிடிமானமில்லாத இடங்கள் இருக்கின்றன, ஓடித்திரியும் பிள்ளைகளைக் கையில் பிடித்தே கூட்டிப்போங்கள். மழைக்குப் பிறகு பாசிபிடித்த கல் வழுக்கும், செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. குடையும் தண்ணிப் போத்தலும் கட்டாயம்.

பின்னேரம் நாலு மணிக்கு உள்ளே போங்கள். முதலில் நகரப் பக்கத்து மதில், தேவாலயம் எல்லாம் பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குப் பண்ணைக் கடல் பக்கத்துக் கொத்தளத்துக்கு வந்துவிடுங்கள். சாய்ந்த வெயில் பட்டால்தான் முருகைக்கல்லின் குழிகள் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.