விசிடிஎஸ், ஓபிடிலெவன், ஃபோர்ஸ்கேன்: கடலோரக் காரில் கோடிங் பழக எது?

காரின் எலக்ட்ரானிக் மாட்யூல்களை, அதாவது விளக்கு, இன்ஜின் என்று ஒவ்வொன்றையும் நடத்தும் சின்ன கம்ப்யூட்டர்களை, லேப்டாப்பில் கோடிங் செய்து (அமைப்புகளை மாற்றி) பழகப் போகிறேன் என்று ராமநாதபுரம் பக்கம் யாராவது கிளம்பினால், முதல் கேள்வி "எந்த கேபிள் வாங்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். கையில் என்ன கார் என்று பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும். மாருதி, டாடா, மஹிந்திராவுக்கு வீட்டில் உட்கார்ந்து பழகத் தோதான மென்பொருள் பெரிதாக இல்லை. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் விசிடிஎஸ்ஸும் ஓபிடிலெவனும் மோதும். ஃபோர்டு என்றால் ஃபோர்ஸ்கேன். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-இல் நின்றது. இன்று இவை செகண்ட்ஹேண்டில்தான் கிடைக்கும். வாரண்டி போய்விடுமே என்ற கவலை இல்லாததால் பழகுவதற்கு அதுவும் நல்லதுதான்.

ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தால் விசிடிஎஸ், ஓபிடிலெவன் இரண்டின் குணமும் தெரிந்துவிடும். பல்பைக் கண்காணிக்கும் ஆக்டேவியா போன்ற காரில் நம்பர் பிளேட் விளக்கை எல்இடிக்கு மாற்றினால் மீட்டரில் பல்பு எச்சரிக்கை எரியும். எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவு. பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று, விளக்குகளைக் கவனிக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் எடுத்துக்கொள்கிறது. இங்கே இருப்பது எல்இடி என்று அதற்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ்ஸில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். விண்டோஸ் லேப்டாப், அவர்களுடைய கேபிள், 09 என்ற எண்ணுள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் மாட்யூல் (மேலே சொன்ன பாடி கண்ட்ரோல் மாட்யூல்தான்). பழைய தலைமுறைக் கார்களில், மாட்யூலின் அமைப்பு முழுவதும் ஒரே நீள எண் வரிசையாக இருக்கும் லாங் கோடிங் பக்கத்தில் ஒவ்வொரு பைட்டையும் எட்டு பிட்டாகப் பிரித்து, எந்த பிட் எதைச் செய்கிறது என்று முடிந்தவரை எழுதிக் காட்டும். புதிய கார்களில் இதெல்லாம் அடாப்டேஷன் பகுதிக்குப் போய்விட்டது. அங்கே ஒவ்வொரு அமைப்பும் தனித்தனி சேனல். சேனல் பெயர்கள் பாதி ஜெர்மனில் இருக்கும். முதல் வாரம் தலை சுற்றும். ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் இதில் எதையும் மாற்ற முடியாது. ஆட்டோ ஸ்கேன் ஓட்டினால் எல்லா மாட்யூலின் பார்ட் நம்பர், கோடிங், பிழைகள் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். கை வைக்கும் முன் அதைச் சேமித்தால் திரும்பி வர வழி இருக்கும். அடாப்டேஷன் மதிப்புகள் அதில் வராது, அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். விலை மட்டும்தான் உறுத்தல். அதற்காக மலிவான நகல் கேபிள் வாங்கினால் ராஸ்-டெக்கின் புதுப் பதிப்புகள் அதில் ஓடாது.

ஓபிடிலெவன் லித்துவேனியாவிலிருந்து வருவது. சின்ன ப்ளூடூத் கருவி, கைப்பேசி, முடிந்தது. பணம் கொடுத்து கிரெடிட் வாங்கினால் பல வேலைகள் ஒரே தட்டில் நடக்கும். என்ன பைட், எந்த பிட் என்று கேட்க வேண்டியதே இல்லை. என் குறையும் அதுதான். ப்ரோ சந்தா எடுத்தால் கைப்பட கோடிங் செய்யலாம், பழைய மதிப்புகளையும் அதுவே வரலாறாக வைத்துக்கொள்ளும். அது நல்ல வசதி. ஆனால் செயலிக்கு இணையம் வேண்டும். அரிச்சல்முனை ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிச் செய்யும் வேலைக்கு இது சரிப்படாது. விசிடிஎஸ் இணையம் இல்லாமலே ஓடும்.

இங்கே உப்புக்காற்றைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நம் பக்கம் மீட்டரில் வரும் எச்சரிக்கைகளில் நிறைய கோடிங்கால் தீராதவை. பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் ஓடும் டாக்ஸியின் நம்பர் பிளேட் விளக்கு, ஃபாக் லேம்ப், வீல் ஸ்பீட் சென்சார் சாக்கெட்டுகளைக் கழற்றினால் பின்கள் பச்சை பூத்திருக்கும். அந்த பின் கரண்ட்டைத் தடுத்தாலும் அதே பல்பு எச்சரிக்கைதான் வரும். ஒரே தட்டில் எல்இடி என்று மாற்றிவிட்டால் எச்சரிக்கை மறையும். சாக்கெட் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும், சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கான்டாக்ட் க்ளீனர் அடிக்க வேண்டும். லேப்டாப் அதற்கப்புறம்தான்.

இன்னொன்று பேட்டரி. கீழக்கரையில் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, கார் மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்கும். அதில் ஸ்கேன் ஓட்டினால் வோல்டேஜ் குறைவு, மாட்யூலுடன் தொடர்பு இல்லை என்று வரிசையாகப் பிழைகள் கொட்டும். முக்கால்வாசி பேட்டரி வேலைதான். சார்ஜர் மாட்டாமல் அப்படியொரு வண்டியில் கோடிங் எழுத ஆரம்பிக்கவே கூடாது. எந்த மென்பொருளானாலும் சரி.

குறைந்த செலவில் உருப்படியாகக் கற்க வேண்டும் என்றால் நான் ஃபோர்ஸ்கேனைத்தான் சொல்வேன், ஃபோர்டு கார் இருந்தால். மாட்யூல் மாற்றங்களுக்கு நீட்டித்த உரிமம் வேண்டும். சோதனைக் காலத்துக்கு அது இலவசம். விண்டோஸ் பதிப்பில்தான் இந்த வேலை நடக்கும், கைப்பேசி லைட் பதிப்பு பெரும்பாலும் பிழை படிக்கவும் சென்சார் அளவுகள் பார்க்கவும்தான். லேப்டாப்பைக் காரோடு இணைக்கும் அடாப்டரில் கவனம் தேவை. ஃபோர்டில் மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் லைன்களில் வேகமானது காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் 6, 14 பின்களில் 500 கிலோபிட் வேகத்தில் ஓடும். மீடியம் ஸ்பீட் லைன் 3, 11 பின்களில் 125-இல். சந்தையில் கிடைக்கும் சாதாரண இஎல்எம்327 நகல் அடாப்டர் முதல் லைனை மட்டுமே பார்க்கும், அதனால் சில மாட்யூல்கள் பட்டியலிலேயே வராது. ஸ்விட்ச் வைத்தது அல்லது இரண்டையும் தானே மாற்றிக்கொள்வது வாங்குங்கள்.

ஃபோர்ஸ்கேன் காட்டும் ஆஸ்-பில்ட் தகவல், அதாவது மாட்யூலில் எழுதியிருக்கும் அமைப்பு, வெறும் ஹெக்ஸ் எண்கள் (0 முதல் 9, A முதல் F வரை). ஒவ்வொரு வரியின் கடைசி பைட் சரிபார்ப்புத் தொகை. அதை மென்பொருளே கணக்கிட்டுவிடும். வறண்ட விஷயம்தான், ஆனால் ஒரு மாட்யூல் தன் அமைப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் மலிவான வழி எனக்குத் தெரியாது. முதலில் எல்லா மாட்யூலையும் படித்துச் சேமித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பக்கம் பழகும் காலத்தில் போகவே வேண்டாம்.

இதைத் தொழிலாகவே எடுக்க நினைக்கும் பட்டறைப் பையன்களுக்கு மேலே சொன்ன மூன்றும் போதாது. ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களை ஏற்றி ஓடும் இன்னோவாவில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் அச்சிட்ட குறியீட்டை இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், பழைய 2.5 லிட்டர் டீசலில் அது 30 எழுத்து. அங்கே லாஞ்ச், ஆட்டெல் போன்ற எல்லா கம்பெனிக்குமான ஸ்கேனர்தான் கைகொடுக்கும். விலை அதிகம், வருடா வருடம் அப்டேட் செலவும் உண்டு. சொந்தமாக வாங்க அவசரப்பட வேண்டாம். அந்த ஸ்கேனர் உள்ள பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு, சாயந்திரம் ஒரு பழைய ஃபிகோவில் ஃபோர்ஸ்கேன் பழகலாம்.