பணம் கட்டுவதை நிறுத்தினால் என்ன மிஞ்சும்? பெங்களூரு வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்களுக்குக் கூகுள் மேப், லிஸ்டிங் தளம், சேவைச் செயலி: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெங்களூரின் அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களிடையே பிளம்பிங், வயரிங், பெயிண்டிங், ஏ.சி. சர்வீஸ் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹார்டுவேர் கடைக்காரரும் அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் நம்பர் கொடுத்து அனுப்பிய வேலைகளை வைத்தே இவர்களில் பலர் தொழிலை வளர்த்தார்கள். அந்த வழி இன்றும் அடைபடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. கீசர் ஒழுகத் தொடங்கியதும் வீட்டுக்காரர் கைபேசியை எடுத்து 'பிளம்பர் நியர் மீ' என்று தட்டுகிறார்; வரைபடத்தோடு சேர்ந்து முதலில் தெரியும் மூன்று பெயர்களில் ஒன்றை அழைக்கிறார். இருபது வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் அந்தத் தேடலில் தெரியாதவருக்கு அந்த அழைப்பு வருவதில்லை.

அங்கே தெரிவதற்கு இவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைத் தாமே திறந்து பேணலாம். தொழில்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஜஸ்ட்டயல், சுலேகா போன்ற லிஸ்டிங் தளங்களில் பணம் கட்டலாம். அர்பன் கம்பெனி போன்ற சேவைச் செயலியில் சேரலாம். கூகுளிலேயே விளம்பரம் கொடுக்கலாம். இவற்றில் எது மலிவு என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: ஓராண்டு கழித்து பணம் கட்டுவதையோ வேலை ஏற்பதையோ நிறுத்திவிட்டால், அந்தத் தொழிலாளியின் பெயரில் மிஞ்சுவது என்ன?

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், ஒரு தொழிலின் பெயர், நம்பர், நேரம், ரிவ்யூ ஆகியவற்றைக் கூகுள் தேடலிலும் மேப்பிலும் காட்டும், 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்ட இலவசச் சேவை. உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பணம் கொடுத்து இந்த வரிசையில் முன்னேற முடியாது என்பதையும் அங்கேயே சொல்கிறது. மூன்றில் தூரம் மட்டும் தொழிலாளியின் கையில் இல்லை. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு சாலை வழியாக 15 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், அங்கே தேடுபவருக்கு அல்சூர்க்காரரைவிட வர்த்தூரிலோ மாரத்தஹள்ளியிலோ இருப்பவர்தான் முதலில் தெரிவார். இதை ஏற்றுக்கொள்ளாமல் செய்யப்படும் முயற்சிகளில்தான் பெரும்பாலான ப்ரொஃபைல்கள் கெடுகின்றன.

ஆகவே முகவரியைப் பற்றிய முடிவைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் நேரில் வந்து போகும் கடை இருந்து, வெளியே நிரந்தரப் பெயர்ப்பலகை இருந்து, சொன்ன நேரத்தில் அங்கே ஆள் இருந்தால், முகவரியைக் காட்டலாம்; கூடவே வெளியே சென்று வேலை செய்யும் பகுதிகளையும் குறிப்பிடலாம். வீட்டிலிருந்தே டூல் பையோடு கிளம்புபவர் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளை மட்டும் காட்ட வேண்டும் என்பது விதி. அப்படி 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். மொத்த எல்லை இருப்பிடத்திலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணத்துக்குள் அடங்க வேண்டும். பெங்களூரு நெரிசலில் 2 மணி நேரம் என்பது எவ்வளவு தூரம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகுதிகளை அடுக்கி எழுதினால் அங்கெல்லாம் முதலில் தெரிவோம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டியல் வாடிக்கையாளருக்குத் தகவல் தருமே தவிர, வரிசையில் தூக்கிவிடுவதில்லை என்பதே இந்த வேலையைச் செய்பவர்களின் பரவலான அனுபவம்.

இவ்விரண்டில் கடை முகவரியைக் காட்டுவதற்கே என் ஆதரவு, ஆனால் கடை உண்மையிலேயே இருந்தால் மட்டும். பலகையும் திறந்திருக்கும் கதவும் தெரியும் படம், முன்பின் அறியாத ஒருவரை வீட்டுக்குள் விடத் தயங்குபவருக்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது. கர்நாடகத்தில் வணிகப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2024இல் வந்தது. ஆகவே பலகையில் கன்னடத்தில் உள்ள பெயரும் ப்ரொஃபைலில் உள்ள பெயரும் ஒரே பெயராக இருப்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. தொழில் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சரிபார்ப்புக்காகக் கூகுள் இப்போது பெரும்பாலும் இடைவெட்டு இல்லாத ஒரு வீடியோவைக் கேட்கிறது. தெரு, கடைப் பலகை, தொழில் கருவிகள், தொழிலுக்குரிய ஆவணம் ஆகியவற்றை அதில் காட்ட வேண்டும். கடை இல்லாதவருக்குக் கருவிகளும் பெயர் எழுதிய வண்டியும் உதவும்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் மைத்துனர் கடை, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நண்பர் அலுவலகம், ஹெப்பாளில் வாடகை மேசை என்று முகவரிகளைச் சேர்த்து, ஒரே ஆள் நான்கு ப்ரொஃபைல் திறப்பது. சொந்த ஊழியர் இல்லாத முகவரியில் ப்ரொஃபைல் வைத்திருப்பது விதிமீறல். போட்டியாளர் ஒருவர் புகார் கொடுத்தாலே ப்ரொஃபைல் முடக்கப்படலாம். வருடக்கணக்கில் சேர்த்த ரிவ்யூக்கள் அதோடு மறையலாம். தொழிலின் பெயரோடு, பலகையில் இல்லாத 'பெஸ்ட் பிளம்பர் இன் பெங்களூர்' என்ற வாலை ஒட்டுவதும் இதே ஆபத்தைக் கொண்டது. அதற்குப் பதிலாக, ப்ரொஃபைலில் தொழிலின் வகையைக் குறிக்கும் முதன்மைப் பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்: வருமானத்தில் பெரும்பகுதி ஏ.சி. சர்வீசிலிருந்து வருகிறவர் எலக்ட்ரீஷியன் என்று முதன்மைப் பிரிவை வைத்துக்கொண்டு, ஏ.சி. தேடலில் தெரியவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. முதன்மைப் பிரிவைத் தவிர இன்னும் 9 பிரிவுகள் சேர்க்க இடம் உண்டு.

பிரபலத்தைக் கட்டுவது ரிவ்யூ. இங்கேதான் தொழிலாளியின் உழைப்பு நேரடியாகப் பலன் தருகிறது. வேலை முடிந்து, குழாயைத் திறந்து காட்டி, வீட்டுக்காரர் திருப்தியோடு நிற்கும் அந்த நேரத்தில் க்யூஆர் கோடை நீட்டிக் கேட்பவருக்குக் கிடைக்கும் ரிவ்யூ, ஒரு வாரம் கழித்து மெசேஜ் அனுப்புபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. "நல்லா பண்ணாங்க" என்று நிறுத்திக்கொள்ளாமல், என்ன வேலை, எந்தப் பகுதி என்று இரண்டு வரி எழுதச் சொல்வது நல்லது. 'போர்வெல் தண்ணீரால் உப்புப் படிந்த கீசரை ஜீவனஹள்ளியில் வந்து சரிசெய்தார்' என்று ஒருவர் எழுதினால், கீசர் என்று தேடும் இன்னொருவருக்கு அந்த வரியையே கூகுள் எடுத்துக் காட்டக்கூடும். கன்னடத்திலோ தமிழிலோ இந்தியிலோ எழுதினாலும் தடையில்லை. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதும், திருப்தியடைந்தவரிடம் மட்டும் வடிகட்டிக் கேட்பதும் விதிப்படி கூடாது. உறவினர் பத்துப் பேரை ஒரே மாலையில் எழுத வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவை நீக்கப்பட வாய்ப்பு அதிகம் என்பதோடு, படிக்கும் வீட்டுக்காரருக்கும் அது புரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைப் பாதிக்கிறது என்று 2023 இறுதியில் கூகுள் தரப்பே உறுதி செய்தது. உடனே பலர் '24 மணி நேரமும்' என்று மாற்றிவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு உண்மையிலேயே போனை எடுப்பவர் அப்படிப் போடலாம். எடுக்காதவருக்கு அது ஒற்றை ஸ்டார் ரிவ்யூவைத்தான் கொண்டுவரும்.

இனி லிஸ்டிங் தளங்கள். ஜஸ்ட்டயல் 1996இல் தொலைபேசி வழித் தகவல் சேவையாகத் தொடங்கி, 2021இல் ரிலையன்ஸ் ரீடெயிலின் கைக்குப் போன நிறுவனம். அங்கே இலவசமாகவும் பெயர் சேர்க்கலாம். பணம் கட்டுபவர்களுக்கு முன்னிடம் கிடைக்கும். ப்ரொஃபைல் தொடங்கி ரிவ்யூ சேரும்வரை காத்திருக்க முடியாதவருக்கு, லீட் (வேலை கேட்டு வரும் விசாரணை) விரைவிலேயே வரக்கூடிய இந்த வழி கைகொடுக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தகைய தளங்களில் ஒரே கோரிக்கை ஒரே நேரத்தில் பல காண்ட்ராக்டர்களுக்குப் போவதுண்டு. அப்போது வாடிக்கையாளர் முதலில் கேட்பது விலையைத்தான். வேலையின் தரத்தைப் பேசும் வாய்ப்பு வருவதற்குள் பேரம் முடிந்துவிடுகிறது. விலையில் தாக்குப்பிடிக்கக்கூடிய, ஆட்கள் நிறைய வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்கு இது ஒத்துவரலாம். தானே வேலை செய்யும் ஒற்றை ஆளுக்கு ஒத்துவருவது கடினம். சந்தா முடிந்த மறுநாள் முன்னிடமும் போய்விடும். இலவச லிஸ்டிங்கை மட்டும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். பெயரும் போன் நம்பரும் முகவரியும் எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி இருப்பது கூகுளில் குழப்பத்தைத் தவிர்க்கவும் உதவும். 2023இல் பிசினஸ் கனெக்ட் என்ற பெயரில் வந்த ஆப்பிளின் இலவச வரைபடப் பதிவுக்கும் மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் வரைபடச் செயலிக்கும் இதே விவரங்களைக் கொடுத்தால் போதும்.

சேவைச் செயலியின் கதை வேறு. அர்பன்கிளாப் என்று 2014இல் தொடங்கி 2020இல் பெயர் மாறிய அர்பன் கம்பெனியில் சேருபவர் வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை. பயிற்சி, நிர்ணயித்த விலை, வீடு தேடி வரும் வேலை எல்லாம் அங்கே அமைந்திருக்கின்றன. பெங்களூருக்குப் புதிதாக வந்து, கன்னடமும் தெரியாமல், ஆள் அறிமுகமும் இல்லாமல் இருக்கும் ஒரு தமிழ் இளைஞருக்கு இது நல்ல நுழைவாயில் என்றே நினைக்கிறேன். செயலிவழித் தொழிலாளர்களுக்காகக் கர்நாடக அரசு 2025இல் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குச் சேரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனத்திடம் நலக் கட்டணம் பெற வழி செய்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் கமிஷன் உண்டு, விலையை நிர்ணயிப்பதும் நிறுவனம்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, நூற்றுக்கணக்கான வீடுகளில் சம்பாதித்த நல்ல பெயர் செயலிக்குள்ளேயே தங்கிவிடுவது. கமிஷனையும் வேலை நிலைமையையும் எதிர்த்து 2021இல் குருகிராமில் பெண் தொழிலாளர்கள் போராடியபோது வெளிப்பட்டதும், கணக்கின் பிடி யார் கையில் இருக்கிறது என்ற இதே பிரச்சினைதான். கணக்கு மூடினால் ரேட்டிங்கும் மூடும். அதை எடுத்துக்கொண்டு போய் வேறெங்கும் காட்ட முடியாது.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ப்ரொஃபைலை இணைத்துக் கூகுள் விளம்பரம் கொடுத்தால் வரைபடத் தேடலிலும் 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்போடு மேலே தெரியலாம். பொதுவாக ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போகும். ரிவ்யூ இல்லாத ப்ரொஃபைலுக்கு விளம்பரம் கொடுப்பது, பக்கத்திலேயே நூறு ரிவ்யூவோடு இலவசமாகத் தெரியும் போட்டியாளருக்கு வாடிக்கையாளரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத்தான் முடியும். அதேபோல, மேப்பில் முதலிடம் உறுதி என்று போன் செய்யும் ஏஜென்சிகள் தம் கையில் இல்லாத ஒன்றை விற்கின்றன. வேலையை வெளியாரிடம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ப்ரொஃபைலின் முதன்மை உரிமையாளர் தொழிலாளியின் சொந்த ஜிமெயிலாகவும், ஏஜென்சி மேனேஜராக மட்டும் சேர்க்கப்பட்டும் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே என் தேர்வு, தானே பேணும் கூகுள் ப்ரொஃபைல். நான்கில் அதில்தான் செய்த வேலையின் சாட்சி செய்தவரின் தொழில் பெயரிலேயே சேர்கிறது. அதையும் முழுச் சொத்தாக எண்ணிவிடக் கூடாது: ப்ரொஃபைலோடு கூகுள் இலவசமாக அளித்த இணையப் பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன, சாட் வசதியும் அதே ஆண்டு ஜூலையோடு முடிந்தது. அவற்றை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறு ஏற்பாட்டைத் தேட வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரின் பெயர், நம்பர், செய்த வேலை, தேதி ஆகியவற்றை ஒரு நோட்டிலாவது எழுதி வைத்துக்கொள்வதற்கு ஈடாக எந்தத் தளமும் இல்லை.

தொழிலுக்குத் தொழில் இந்தக் கணக்கு மாறும். பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அவசரம்தான் அழைப்பைக் கொண்டுவருகிறது, அருகில் இருப்பவரே ஜெயிக்கிறார். அவர்கள் ஐந்து கிலோமீட்டருக்குள் தங்களை வலுப்படுத்திக்கொண்டால் போதும். பெயிண்டிங், வாட்டர்ப்ரூஃபிங் காண்ட்ராக்டரைத் தேடும் வீட்டுக்காரர் அவசரப்படுவதில்லை. நான்கைந்து பேரின் படங்களைப் பார்த்து, ரிவ்யூக்களைப் படித்து, தூரத்தில் இருப்பவரையும் கூப்பிட்டு எஸ்டிமேட் கேட்கிறார். ஆகவே இவர்களுக்கு முகவரியைவிடப் படங்களே முக்கியம்: ஒழுகிய கூரை, உரித்தெடுத்த பூச்சு, கோட்டிங் அடித்த பிறகு தண்ணீர் கட்டி வைத்த சோதனை என்று ஒரே வேலையின் படங்கள் வரிசையாக வேண்டும். பெங்களூரில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலேயே மேல்தளத்து வீடுகள் ஒழுகத் தொடங்கிவிடுவதால், முந்தைய ஆண்டு வேலைகளின் படங்கள் மார்ச் முடிவதற்குள் ப்ரொஃபைலில் ஏறியிருக்க வேண்டும்.