புதிதாக ஓடத் தொடங்குவோருக்கு: வாரத் திட்டமா, ஓட்ட-நடையா, நில்லாத மெல்லோட்டமா?

ஓடிப் பழக்கமே இல்லாத ஒருவர் ஓடத் தொடங்குவதற்கு மூன்று வழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. வாரந்தோறும் ஓடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், முப்பது நிமிடத் தொடர் ஓட்டத்தில் முடியும் ‘கவுச் டு ஃபைவ் கே’ (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு) என்ற வாரத் திட்டம் ஒன்று. ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்வதையே நிலையான முறையாக வைத்துக்கொள்ளும் ஓட்ட-நடை இன்னொன்று. முதல் நாளிலிருந்தே நடக்காமல், ஆனால் மிகவும் மெதுவாக, ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லோட்டம் மூன்றாவது. மூன்றையும் முயன்று பார்த்த பிறகு ஓட்ட-நடையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருக்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அன்று. ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை விளக்கும் அலசல்.

மூன்றுக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடலாம். காலுக்குப் பொருந்தும் காலணி வேண்டும். வாரத்திற்கு மூன்று நாள் ஓடினால் போதும். இடையிடையே ஓய்வு நாள் வேண்டும். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். இவற்றில் எந்த முறைக்காரரும் மாறுபடுவதில்லை.

வாரத் திட்டத்தை 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தார். மொத்தம் ஒன்பது வாரங்கள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட விரைநடைக்குப் பிறகு அறுபது வினாடி ஓட்டம், தொண்ணூறு வினாடி நடை என்று இருபது நிமிடங்கள் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் முப்பது நிமிடங்கள் நில்லாமல் ஓட வேண்டும். இன்று என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை இது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தொடக்க நாட்களில் அது சிறிய உதவி அன்று. முதல் சில வாரங்களில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிவதால் ஊக்கமும் கிடைக்கிறது. ஆனால் ஐந்தாம் வாரத்தில் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. அந்த வாரத்தின் இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடங்களாக இரண்டு ஓட்டங்கள், நடுவே ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாளோ இருபது நிமிடத் தொடர் ஓட்டம். மெதுவாக ஓடினால் பலராலும் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். முடியாதவர்கள் அந்த ஒரு நாளை வைத்துத் தம்மையே மதிப்பிட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

இருந்தாலும் எனக்கு முடிவைத் தீர்மானித்தது அந்தத் தாவல் அன்று. இடைவெளி விழுந்த பிறகு ஒரு முறை நம்மை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது என்பதே நான் பெரிதாகக் கருதும் அளவுகோல். காய்ச்சல், பயணம், தேர்வு, வேலைப்பளு, வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு என்று ஏதாவது ஒன்று எல்லாருடைய ஓட்டத்தையும் எப்போதாவது நிறுத்தத்தான் செய்யும். ஓட்டத்தைக் கைவிட்டவர்களிடம் கேட்டால், ‘இன்றோடு விட்டுவிட்டேன்’ என்று முடிவெடுத்தவர்களைக் காண்பது அரிது; இரண்டு வாரம் போக முடியாமல் போய், அதன்பின் திரும்பப் போகாமலே இருந்துவிட்டவர்களே அதிகம். ஆகவே முதல் நாள் எவ்வளவு எளிது என்பதைவிட, திரும்பி வரும் நாள் எவ்வளவு எளிது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

இதில் உடலின் நியாயமும் உண்டு. பயிற்சிக்கு உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு சில நாட்களிலேயே கூடும். பயிற்சி நின்றால் அதேபோல் விரைவாகக் குறையவும் செய்யும். இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெறுவதற்கோ மாதக்கணக்கில் ஆகும். எனவே ஆறாம் வாரத்தில் நின்றுபோனவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது, அவருடைய மூச்சு ஒரு நிலையிலும், கெண்டைக்கால் இன்னொரு நிலையிலும், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு வேறொரு நிலையிலும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே ‘வார எண்’ எந்த அட்டவணையிலும் இருக்க முடியாது.

வாரத் திட்டத்தில் இந்த நாள்தான் கடினம். ஆறாம் வாரத்தையே தொடர்வதா, நான்காம் வாரத்திற்குப் பின்வாங்குவதா, முதலிலிருந்து தொடங்குவதா? வாரங்களை மீண்டும் செய்ய அந்தத் திட்டம் தடை சொல்வதில்லை. அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. ஆனால் முடிவு ஒன்றை நோக்கி எண்ணிக்கொண்டு போகும் எந்த ஏற்பாட்டிலும் பின்னால் போவது தோல்வி போலவே மனத்தில் பதியும். தோற்றதாக உணர்கிற ஒருவர் அந்த நாளை நாளைக்குத் தள்ளிவைப்பது இயல்பு.

ஓட்ட-நடையில் அந்த நாளின் கேள்வி மிகச் சிறியது. நேரம் அதே முப்பது நிமிடம், பாதையும் அதே பாதை. விகிதம் மட்டும் மாறும். இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று முன்பு சென்றவர், அன்று முப்பது வினாடி ஓட்டம், முப்பது வினாடி நடை என்று செல்வார். பழக்கம் என்பது நேரத்தோடும் இடத்தோடும் ஒட்டிக்கொள்வது. அவை இரண்டும் கலையாமல் இருப்பதால் பழக்கமும் கலைவதில்லை. கடக்க வேண்டிய வாரம் என்று ஒன்று இல்லாததால் பின்வாங்கல் என்ற எண்ணத்திற்கும் இடமில்லை. மழைநாள், உறக்கம் குறைந்த நாள், வெயில் கடுமையான நாள் என எல்லாவற்றுக்கும் இதே விகித மாற்றம் பயன்படுகிறது.

இந்த முறையைப் பரப்பியவர் ஜெஃப் காலோவே. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்க அணியில் இடம்பெற்ற அவர், 1974இல் ஓட்டம் அறியாதவர்களுக்கு வகுப்பெடுத்தபோது நடை இடைவேளைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் வலியுறுத்திய விதி ஒன்று: களைத்த பிறகு நடக்கக் கூடாது, களைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மூச்சு முட்டியபின் நடப்பது ஒவ்வொரு முறையும் ‘முடியவில்லை’ என்று முடிகிறது. கடிகாரம் சொல்லும்போது நடப்பதோ இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம் என்ற ஆசையோடு முடிகிறது. அடுத்த முறை வெளியே கிளம்ப வைப்பது அந்த ஆசைதான்.

காலின் மேல் விழும் சுமைக் கணக்கும் இதன் பக்கமே இருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் அது உடல் எடையைவிடச் சற்றே அதிகம். நிமிடத்திற்கு 160 அடிகள் என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத் தொடர் ஓட்டத்தில் 1,600 முறை அந்த விசையைத் தாங்க வேண்டும். பாதிக்குப் பாதி ஓட்ட-நடையில், அதே பத்து நிமிடத்தில் அது 800 முறையாகக் குறைவதோடு, தொடர்ச்சியாக விழாமல் பிரிந்தும் விழுகிறது.

இதற்கும் குறைகள் உண்டு. கைக்கடிகாரமோ செயலியோ ஓயாமல் ஒலிப்பது சிலருக்கு எரிச்சல் தரும். நில்லாமல் ஓடும் நண்பர்களோடு சேர்ந்து ஓடுவது கடினம். எப்படியும் ஓய்வு வரப்போகிறது என்ற துணிவில் ஓடும் பகுதியை மிக வேகமாக ஓடிவிடும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஓடினால் மேலே சொன்ன நன்மைகளில் பெரும்பகுதி போய்விடும். ‘இது ஓட்டமே அன்று’ என்பாரும் உண்டு. நடை இடைவேளைகளோடு 42.195 கிலோமீட்டர் மாரத்தானை முடித்தவர்கள் ஏராளம் என்பதால் அந்தப் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

மெல்லோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கியே சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்றில் இதில்தான் என் பழக்கம் குறைவு. இதற்கு நல்ல மரபு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் நடுவயதினரை மெதுவாக, பேசிக்கொண்டே ஓட வைத்தார். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆய்வாளர் ஹிரோவாக்கி தனாக்கா, புன்னகையோடு ஓடக்கூடிய ‘நிக்கோ நிக்கோ’ வேகத்தைப் பரிந்துரைத்தார். கடிகாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம், மனம் அமைதியாக ஓடலாம் என்பவை இதன் பலங்கள். சிக்கல் என்னவென்றால், மணிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டருக்குக் கீழே கால் தானாகவே நடைக்கு மாறப் பார்க்கும். பயிற்சியே இல்லாத பலருக்கு அந்த ஏழு கிலோமீட்டர் வேகமே மூச்சு வாங்க வைப்பது. அதைவிடக் குறைந்த வேகத்தில் மிகச் சிறிய அடிகளாக வைத்து ஓட முடியும். தனாக்கா காட்டியதும் அதைத்தான். ஆனால் அது கற்றுப் பழக வேண்டிய நடைமுறை, நடப்பவர்கள் நம்மைத் தாண்டிச் செல்வதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். இடைவெளிக்குப் பின் திரும்பும் நாளில் இதில் குறைக்க எஞ்சியிருப்பது பெரும்பாலும் நேரம் மட்டுமே. இதில் நீண்ட காலம் பழகியவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

குறிப்பிட்ட நாளில் ஓர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை முடிக்க வேண்டும், அதுவரை வாழ்க்கையில் பெரிய குறுக்கீடு எதுவும் வராது என்று தெரிந்தவருக்கு வாரத் திட்டத்தையே சொல்வேன். இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ உள்ளவர் எந்த முறையானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மற்றவர்கள் ஓட்ட-நடையில் முப்பது வினாடிக்கு முப்பது வினாடி என்று தொடங்கலாம். அடுத்த நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கால் வலிக்காத நிலை இரண்டு வாரம் தொடர்ந்தால் ஓட்டத்தில் பதினைந்து வினாடி கூட்டலாம். வலித்தால் கூட்டியதைக் குறைக்க வேண்டுமே தவிர, அந்த வாரத்தின் மூன்று நாட்களில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். வலி ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தினால் மட்டும் அது நீங்கும்வரை முப்பது நிமிடமும் நடையாகவே இருக்கட்டும்.