வெள்ளிக்கம்பியோடு 6 ஆண்டுகள்

படம் வரைவதற்காக, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நகைப் பட்டறையில் கேட்டு வாங்கிய துண்டு வெள்ளிக்கம்பியை 2 மில்லிமீட்டர் பென்சில் பிடிப்பானில் செருகி, முனையை நைஸ் உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக்கொண்டேன். 6 ஆண்டுகளாக வரைந்தும் அது ஒரு விரற்கடைகூடத் தேயவில்லை.

வெறும் தாளில் வெள்ளி பிடிக்காது. சொரசொரப்பான அடிப்பூச்சு வெள்ளியைத் துளித்துளியாக உரசி எடுத்தால்தான் கோடு விழும். அந்தக் காலத்தில் எலும்புச் சாம்பலைப் பசையில் குழைத்துப் பூசினார்கள். நான் கனமான தாளில் துத்தநாக வெள்ளை கவாஷை (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) மெல்லியதாக இரண்டு முறை பூசுகிறேன். தடித்தால் வெடிக்கும். எவ்வளவு அழுத்தினாலும் கோடு கறுக்காது, அடிப்பூச்சுதான் கிழியும். நிழல் வேண்டுமென்றால் கோட்டின்மேல் கோடாக அடுக்க வேண்டும். அழிக்கவும் முடியாது. 1484-இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் 13 வயது முகத்தை இப்படித்தான் வரைந்தார். வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தை, அழிக்க முடியாது என்று தெரிந்தபின் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

சாம்பல் நிறக் கோடு காற்றிலுள்ள கந்தகத்தால் மெல்லப் பழுப்பேறும். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். முதல் ஆண்டில் வரைந்த அம்மாவின் முகத்தைக் கண்ணாடிச் சட்டமில்லாமல் கூடத்தில் மாட்டியிருந்தேன். பிறகொரு நாள் அம்மா அதை உற்றுப் பார்த்து, “இப்போதுதான் என் நிறம் வந்திருக்கிறது” என்றார்.

படம் வரையும் கரிக்கு இந்த ஊரின் ஈரக்காற்று ஆகாது. தூங்குமூஞ்சி மரத்தடி இருட்டை ஐந்தே நிமிடத்தில் பிடிக்க அதைவிட்டால் வேறில்லை என்பதால் இன்னும் கைவிடவில்லை. ஆனால் கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் தெளிப்பை மழை நாளில் அடிக்காதீர்கள். வெண்படலம் படிந்து என் நல்ல படம் ஒன்று வீணானது.

பேனாவும் மையும் கோபுரங்களுக்கு. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரச் சிற்பங்களின் கூர்மை வேறெதிலும் எனக்கு வரவில்லை. ஈரம் குடித்த தாளில் மை கசிந்து பரவும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் அலமாரியில் வைத்த தாள் அப்படித்தான் கெட்டது. இப்போது கேமரா வைக்கும் உலர் பெட்டியில் வைக்கிறேன். இந்தியன் இங்க் எனும் கறுப்பு மையில் அரக்கு இருப்பதால் நிப்பில் காய்ந்தால் கல்லாகிவிடும். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும்போது நன்றாக உலர்த்திவிடுகிறேன். இல்லையென்றால் இரண்டே நாளில் துரு.