அப்சர்வேஷனா, ரெக்கார்டா?

நம்ம ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு லேபுக்கு இரண்டு நோட்டு. சோதனை நடக்கும்போதே எழுதுவது அப்சர்வேஷன். ஹாஸ்டலில் உட்கார்ந்து அழகாகப் பெயர்த்து எழுதுவது ரெக்கார்டு. மரியாதை எல்லாம் ரெக்கார்டுக்குத்தான்: பிரவுன் ஷீட் அட்டை, முதல் பக்கத்தில் போனஃபைட் சான்றிதழ், பிராக்டிகல் அன்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினரின் கையெழுத்து. அப்சர்வேஷன் பாவம், மூலை சுருண்டு பையின் அடியில் கிடக்கும்.

என் ஓட்டு அப்சர்வேஷனுக்கு. ஆர்சி லோ பாஸ் ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்து குறைந்த அதிர்வெண் சிக்னலை மட்டும் விடும் சர்க்யூட். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டால், சூத்திரப்படி கட்-ஆஃப் (அதற்கு மேல் சிக்னல் அடங்கத் தொடங்கும் அதிர்வெண்) 1.59 கிலோ ஹெர்ட்ஸ். எங்கள் மேசையில் 1.45 வந்தது. ரெக்கார்டில் அதை எழுத யாருக்குத் தைரியம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கைத் 'திருத்தி', செமிலாக் கிராஃப் ஷீட்டில் வழவழவென்று ஒரு வளைவு வரைந்தேன். கையெழுத்தும் கிடைத்தது. அப்சர்வேஷனில் மட்டும் 'எல்சிஆர் மீட்டரில் கெபாசிட்டர் 0.11' என்று பென்சிலில் கிறுக்கியிருந்தேன். ரொம்ப நாள் கழித்து அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1.447! எங்கள் ரீடிங் சரிதான். கெபாசிட்டர்தான் அச்சிட்ட மதிப்பைவிட 10 சதவீதம் தள்ளியிருந்தது. டாலரன்ஸ் (அச்சிட்ட மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற அளவு) என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் கிறுக்கலில்தான். என் ரெக்கார்டில் அது இல்லவே இல்லை.

பெரிய ஆட்களுக்கும் இந்த இடைவெளி உண்டு. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த எண்ணெய்த் துளிச் சோதனை பற்றிய 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல என்றார். அவருடைய லேப் நோட்டுகளில் அதைவிட அதிகமான துளிகள் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. விட்டதற்கு நியாயம் இருந்ததா என்று வாதிடுகிறார்கள். வாதிடவாவது முடிகிறதே, நோட்டு இருந்ததால்தான்.

அதற்காக ரெக்கார்டை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. படம் இடப்பக்கம், விளக்கம் வலப்பக்கம் என்று இன்னொருவருக்குப் புரியும்படி எழுதும் பழக்கம் அதில்தான் வருகிறது. மேனுவலில் உள்ள புரொசீஜரை வரி மாறாமல் பத்துத் தடவை எழுதுவதுதான் வீண்.

லேப்டாப்? கணக்குக்கும் கிராஃபுக்கும் சுகம். ஆனால் எக்செல் கட்டத்தில் 1.45-ஐ 1.59 ஆக்கிவிட்டால், மாற்றியது பார்க்கிறவர் கண்ணில் படாது. பேனாவில் அடித்தால் அடித்தது தெரியும். சிக்னலின் அலையைக் காட்டும் சிஆர்ஓ திரையை போனில் படம் பிடித்து வைப்பது மட்டும் நல்ல பழக்கம்.

சரி, அப்சர்வேஷனுக்கு எந்த நோட்டு? ஸ்பைரல் வேண்டாம், தாளைக் கிழிக்கக் கை துறுதுறுக்கும். தைத்த லாங் சைஸ் நோட்டு, பேனா (பென்சில் நான் செய்த தப்பு), பக்க எண், தேதி, எந்த மேசை சிஆர்ஓ என்பது. தப்பானால் ஒரே கோடு. அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். கிளம்புமுன் சாரிடம் கையெழுத்து. பெல் லேபில் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டிய மறுநாள், 1947 டிசம்பர் 24 அன்று, அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிராட்டைனும் யார் யார் அதைப் பார்த்தார்கள் என்று தன் நோட்டில் பெயரோடு எழுதிவைத்தார்.

ரெக்கார்டா? சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரி எப்படியும் எழுதிவிடுவீர்கள்.