முக்கூடலில் உட்கார்ந்து நான்கு வருட இணையப் படிப்பு

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல். 2021 கொரோனா அடைப்பில்தான் முதலில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் தளத்தில் சேர்ந்தேன். பி.எஸ்சி. கணிதம், தமிழ் வழி. இதுவரை ஒன்பது பாடங்களில் பெயர் கொடுத்து நான்கை முடித்திருக்கிறேன்.

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வகுப்பெடுப்பதை முக்கூடலில் ஒரு பெண் காசில்லாமல் கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் எட்டு வாரம். பத்து லட்சம் எண்கள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நடு எண்ணோடு ஒப்பிட்டுப் பாதியை ஒதுக்கி, வேண்டிய எண்ணை இருபது ஒப்பீட்டுக்குள் பிடித்துவிடலாம் என்று புரிந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கல்லூரியில் மடக்கை (லாகரிதம்) படித்தேன். எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்று சொல்வது அதுதான்; அது எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

சேர்வதற்கும் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும், அதற்கு 1000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிதான். "சும்மா சொல்லிக் குடுக்கான்னியே, பொறவு எதுக்குட்டி துட்டு?" என்று அம்மா கேட்டாள். நாலு நாள் பீடி சுற்றினால் வரும் பணம் அது. ஆனாலும் கொடுத்தாள்.

என்னை அதிகம் தடுக்கியது ஆங்கிலம். அணி, சார்பு, வகைக்கெழு என்று படித்த எனக்கு மேட்ரிக்ஸ், ஃபங்ஷன், டெரிவேட்டிவ் என்று காதில் விழும்போது, தெரிந்த ஆளையே வேறு ஊரில் பார்த்து அடையாளம் பிடிபடாமல் நிற்பது போல இருக்கும். சில பாடங்களுக்கு வகுப்பில் பேசியதன் தமிழ் எழுத்துப்படி கிடைக்கிறது, அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத பாடங்களுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிரே தமிழுமாகச் சொற்களை எழுதிக்கொண்டேன். மூன்றாவது வாரத்துக்குப் பின் நோட்டைப் புரட்டத் தேவைப்படவில்லை.

பாதியில் விட்ட ஐந்துக்கும் காரணம் ஒன்றுதான். ஐப்பசி மழையில் ரெண்டு நாள் கரண்ட் இருக்காது, ஒரு வாரப் பயிற்சித்தாள் தவறும், அடுத்த வாரம் அப்படியே நின்றுபோகும். நீ ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வகுப்பில் வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம்கூட ஒரு பிடிமானம்தான் என்று அப்புறம்தான் விளங்கியது.

அடுத்த முறை மைனி மகளையும் கூடப் படித்த ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டேன். பயிற்சித்தாள் அனுப்பப் புதன்கிழமை ராத்திரி கெடு, அதனால் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு எங்கள் திண்ணையில் கூடுவோம். ஒருத்தி போனில் நெட் தீர்ந்தால் இன்னொருத்தி போன். முடித்த நான்கில் மூன்று இப்படி முடித்தவைதான்.

சான்றிதழை நம்பி மட்டும் இறங்காதீர்கள். நேர்முகத்தில் ஒரு கம்பெனியில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு இடத்தில் நிரல் எழுதச் சொன்னார்கள், எழுதினேன், வேலை கிடைத்தது.

புதிதாகச் சேர்பவர்கள் நாலு வாரப் பாடத்தில் தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

வருகிற ஜூலையில் புள்ளியியல் எடுக்கிறோம், ஐந்து பேர். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் யாருக்காவது விருப்பம் இருந்தால் வாருங்கள், திண்ணையில் இன்னும் இடம் இருக்கிறது.