புகையிலைச் சிம்பு: கையால் ஒடிப்பதா, டெக்கனால் மருந்தை ஊற்றுவதா?

பூங்கொத்தோடு நுனியைக் கிள்ளியதும், இலைக் கணுக்களில் அடங்கிக் கிடந்த மொட்டுகள் சிம்பாக, அதாவது பக்கத் துளிராகக் கிளம்பும். விட்டால் இலைக்குப் போகவேண்டிய சத்தை அவையே தின்றுவிடும். வேடசந்தூர்ப் பக்கத்து மெல்லும் புகையிலைக்கு வேண்டிய கனமும் காரமும் வராது.

கையால் ஒடித்தால் மருந்துச் செலவு இல்லை. ஆனால் ஒரே கணுவில் மறுபடி மறுபடி துளிர்க்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது வயலில் இறங்கியாக வேண்டும். கையெல்லாம் கறுப்புப் பிசின். அதைவிட மோசம், பனியில் நனைந்த இலையைத் தொட்டால் நிகோடின் தோல் வழியே உடம்பில் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகே ஆட்களை இறக்குங்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம்.

டெக்கனால் என்பது சிம்பைக் கருக்கும் மருந்து, ஒரு கொழுப்பு ஆல்கஹால். வழக்கமாக 4 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. கிள்ளிய நுனியில் கொஞ்சம் ஊற்றினால் தண்டு வழியே கணுக்கணுவாக இறங்கும். பட்ட இளந்தளிர் சீக்கிரமே கருகிவிடும். ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்த சிம்பு சாகாது, அதை முதலில் ஒடித்துவிட வேண்டும். சாய்ந்த செடியில் ஒரு பக்கம்தான் நனையும்.

கூலியாள் கிடைக்காத இடத்தில் நான் டெக்கனாலைத்தான் சொல்வேன். அரை ஏக்கர், வீட்டு ஆட்களே போதும் என்றால் கையே சரி. எதைச் செய்தாலும் பிள்ளைகளை அந்த வயலில் இறக்காதீர்கள்.